சமையலறைக்கு பெயின்ட் அடிக்கும் முன்: கேஸ் இணைப்பைக் கழற்றி, வைத்து, திரும்ப மாட்டும் முழு முறை

சமையலறையில் பெயின்ட் வேலை தொடங்கும்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: அடுப்பின் மேல் பழைய போர்வையைப் போடுவார்கள், சிலிண்டரை ஓரமாகத் தள்ளுவார்கள், ரெகுலேட்டரை ஆஃப் செய்வார்கள். அத்தோடு கேஸ் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். முடியவில்லை. ஏணியின் கால் டியூபில் இடறலாம். மேடைக்கு அடியில் பட்டி பார்க்க வருபவர் சிலிண்டரை இழுக்கும்போது ரெகுலேட்டர் திருகு திரும்பலாம். தின்னர் நனைந்த துணி டியூபின் மேலேயே ஒரு நாள் முழுக்கக் கிடக்கலாம். இதையெல்லாம் காவல் காத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

அதனால் வேலை நடக்கும் நாட்களில் மூன்று விஷயங்கள் உறுதியாக இருக்க வேண்டும். சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டியிருக்கக் கூடாது. வால்வின் மேல் வெள்ளை மூடி இறுகியிருக்க வேண்டும். சிலிண்டர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

இந்த வழிகாட்டி 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டர், ரெகுலேட்டர், ஆரஞ்சு நிற டியூப், மேடை மேல் வைக்கும் அடுப்பு ஆகிய வழக்கமான அமைப்புக்கானது. இதில் கையால் கழற்றி மாட்டக்கூடியவை வீட்டுக்காரர் செய்யலாம். ஸ்பேனர் எடுக்க வேண்டிய இடம் வந்தால் அது ஏஜென்சி மெக்கானிக்கின் வேலை. மேடைக்குள் பதித்த ஹாப், சுவரில் ஓடும் செப்புக் குழாய், பைப் கேஸ் மூன்றும் அந்தக் கணக்கில்தான் சேரும். அவற்றைப் பற்றி பின்னால் தனியாக வருகிறது.

முந்தைய நாளே பார்த்துவைக்க வேண்டியவை

முதலில் வெள்ளை மூடியைத் தேடுங்கள். புது சிலிண்டர் வரும்போது வால்வின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடி, நைலான் கயிற்றால் சிலிண்டரோடு கட்டியிருக்கும். பல வீடுகளில் கயிற்றை அறுத்து மூடியைத் தூக்கி எறிந்திருப்பார்கள், அல்லது குழந்தைகள் விளையாட எடுத்துப் போயிருப்பார்கள். ரெகுலேட்டர் இல்லாத சிலிண்டருக்கு வால்வின் உள் ஸ்பிரிங் ஒரு பூட்டு, இந்த மூடி இன்னொரு பூட்டு. வால்வு லேசாகக் கசிந்தாலும் சரியாக அமர்ந்த மூடி அதைத் தடுத்துவிடும். மூடி இல்லையென்றால் ஏஜென்சியில் கேட்டு வாங்குங்கள். கைவசம் ஸ்பேர் சிலிண்டர் இருந்தால் அதன் மூடியைக் கழற்றி இதற்குப் போடாதீர்கள். அதற்கும் அது வேண்டும்.

டியூபின் மேல் அச்சடித்திருக்கும் வருடத்தைப் படியுங்கள். உள்ளே எஃகுக் கம்பி வலை உள்ள ஆரஞ்சு டியூபின் ஆயுள் 5 வருடம். ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ முத்திரையும் அதில் இருக்கும். 5 வருடம் தாண்டியிருந்தாலோ, எழுத்தே படிக்க முடியாத அளவுக்கு எண்ணெய் ஏறியிருந்தாலோ, வளைத்துப் பார்க்கும்போது மேல் தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், புதிதாகவே மாற்றிவிடுங்கள். பெயின்ட் வேலை முடிந்தபின் பழைய டியூபை மாட்டிவிட்டு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றால் அந்த அடுத்த மாதம் வரவே வராது.

சமையலுக்கு மாற்று வழியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மின் அடுப்பு, ரைஸ் குக்கர், வெளிச் சாப்பாடு, எதுவானாலும் சரி. செய்யக் கூடாத ஒன்று உண்டு: அடுப்பை ஹாலுக்கோ படுக்கையறைக்கோ கொண்டுபோய், தரையில் வைத்து, பக்கத்திலேயே சிலிண்டரை நிறுத்தி சமைப்பது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். தரையில் இரண்டும் பக்கத்தில் இருந்தால், கசியும் கேஸ் தேங்கும் உயரத்திலேயே தீ எரிந்துகொண்டிருக்கும். எட்டவில்லை என்று இரண்டு டியூபை ஒட்டுப் போட்டு நீளமாக்குவது இன்னும் மோசம். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடுவில் இணைப்பும் கூடாது.

கையில் இருக்க வேண்டிய பொருட்கள் கொஞ்சம்தான்: வெள்ளை மூடி, பாத்திரம் கழுவும் சோப்பு நீர், ஒரு சின்ன பிரஷ், ஈரமில்லாத பருத்தித் துணி, டியூபின் வாயைக் கட்ட பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும், டார்ச். டார்ச்சை வேலை தொடங்கும் முன்பே எரியவிட்டுக்கொள்ளுங்கள்.

கேஸ் எப்படி நடந்துகொள்ளும்

எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வெளியே வந்தால் கூரைக்குப் போகாது. தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி மேடைக்கு அடியில், சாக்கடைத் துளையில், படிக்கட்டுக் கீழ்ப்பகுதியில் போய்த் தங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும். காற்றில் அதன் அளவு ஏறக்குறைய 2 சதவீதத்தைத் தொட்டாலே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. நாம் முகரும் நாற்றம் கசிவு தெரிவதற்காகவே சேர்த்த மெர்காப்டன் என்ற வேதிப்பொருள். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். எனாமல் பெயின்டும் தின்னரும் வீசும் வீட்டில் அந்த எச்சரிக்கை மூக்குக்கு எட்டாமல் போய்விடும்.

கழற்றுவது

பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். அப்போது லைட் போட வேண்டிய தேவையே வராது. சமையலறைக் கதவு, ஜன்னல், பின்வாசல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சாமி அலமாரி சமையலறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் விளக்கையும் ஊதுவத்தியையும் அணைத்துவிடுங்கள். எல்லோரும் மறக்கும் நெருப்பு அதுதான். சமையலறையில் ஃபிரிட்ஜ் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே பிளக்கை எடுத்துவிடலாம், எப்படியும் அதை நகர்த்தத்தான் வேண்டும்.

1. ஒரு பர்னரை மட்டும் பற்றவைத்து சிம்மில் வையுங்கள்.

2. அது எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டர் திருகை ஆஃப் பக்கம் முழுதாகத் திருப்புங்கள். சில நொடிகளில் தீ சுருங்கி தானாக அணைய வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அடுப்புத் திருகை முதலில் மூடினால் டியூபுக்குள் கேஸ் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கும். ரெகுலேட்டரை முதலில் மூடினால் அந்த அழுத்தம் பர்னரிலேயே எரிந்து தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமான பயன், இது ஒரு சோதனையும்கூட. ரெகுலேட்டர் ஆனில் இருக்கும்போது அதன் உள்ளே இருக்கும் கம்பி, சிலிண்டர் வால்வின் ஊசியை அழுத்தித் திறந்து வைத்திருக்கும். ஆஃப் செய்ததும் கம்பி மேலேறும், வால்வின் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி மூடும். அரை நிமிடம் ஆன பிறகும் தீ எரிந்துகொண்டே இருந்தால், அது எவ்வளவு சின்னத் தீயாக இருந்தாலும், அந்த மூடல் நடக்கவில்லை என்று அர்த்தம். அப்போது ரெகுலேட்டரைப் பிடுங்கவே கூடாது. அடுப்புத் திருகை மூடிவிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். பெயின்டரை ஒரு நாள் தள்ளி வரச் சொல்வதில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

3. தீ அணைந்ததும் அடுப்பின் எல்லாத் திருகுகளையும் மூடுங்கள். பர்னர் ஆறும்வரை காத்திருங்கள்.

4. இப்போது ரெகுலேட்டர். அதன் அடிப்பாகத்தைச் சுற்றி கருப்பு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். ஒரு கையால் ரெகுலேட்டரைப் பிடித்து, விரல்களால் அந்த வளையத்தை மேல் நோக்கித் தூக்கியபடியே, ரெகுலேட்டரை நேராக மேலே எடுங்கள். லேசாக இடம் வலம் அசைத்தால் இலகுவாக வரும். சாய்த்து நெம்பாதீர்கள், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் பிய்ந்துபோகும். வளையம் ஏறவே மாட்டேன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, திருகு ஆஃப் நிலைக்கு முழுதாக வந்திருக்கிறதா என்று.

எடுக்கும் நொடியில் "புஸ்" என்று ஒரு சின்னச் சத்தமும் லேசான வாசமும் வரலாம். அது வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் கேஸ், உடனே நின்றுவிடும். நிற்காமல் சீறினால் பதறாமல் வெள்ளை மூடியை வால்வின் மேல் வைத்து அழுத்துங்கள். விரலை வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள், வெளியே பீறிடும் கேஸ் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குக் குளிராக இருக்கும்.

5. சத்தம் எதுவும் இல்லையென்றாலும் மூடியைப் போடும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். வால்வின் வாயில் பிரஷால் சோப்பு நீரைத் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி எழும்பாவிட்டால் ஊசி சரியாக அமர்ந்திருக்கிறது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மூடியை நேராக வைத்து "டக்" என்று அமரும்வரை அழுத்துங்கள். இழுத்துப் பார்த்தால் சும்மா வரக் கூடாது. குமிழி எழும்பினால் மூடியைப் போட்டு, மூடியின் விளிம்பிலும் சோப்பு நீர் வைத்துப் பாருங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் சிலிண்டரை வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். மூடியையும் மீறிக் கசிந்தால், சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே திறந்த வெளிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் யாரும் நெருப்போடு வராமல் பார்த்துக்கொண்டு, 1906 என்ற எண்ணை அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் அவசர எண் அது. போனையும் வீட்டுக்கு வெளியே வந்த பிறகு எடுங்கள்.

6. கடைசியாக அடுப்புப் பக்கத்து டியூப். அடுப்பின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நாசிலில் அது இறுகப் பிடித்திருக்கும். ஒரு கையால் நாசிலைத் தாங்கிப் பிடித்து, இன்னொரு கையால் டியூபை முறுக்கிக்கொண்டே இழுங்கள். நாசிலைத் தாங்காமல் இழுத்தால் அடுப்புக்குள் இருக்கும் குழாயின் மரை தளரும். அது வெளியே தெரியாது, திரும்ப மாட்டியபின் கசிந்துதான் தெரியவரும். பல வருடம் ஒட்டிப்போன டியூப் வரவில்லையென்றால் கத்தியால் கீறாதீர்கள், நாசிலின் வரிப்பள்ளத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியாகப் புது டியூபும் கசியும். மெக்கானிக் வந்து எடுக்கட்டும்.

ரெகுலேட்டர் பக்கத்து டியூபைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. இரண்டையும் ஒன்றாகவே சுருட்டி, டியூபின் திறந்த வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பட்டித் தூள் உள்ளே போனால் நேராக அடுப்பின் ஜெட்டில், அதாவது பர்னருக்குக் கேஸ் விடும் சின்னப் பித்தளைத் துளையில்தான் போய் நிற்கும். ரெகுலேட்டரின் அடி வாயையும் அப்படியே மூடுங்கள். அதன் உடம்பில் காற்றோட்டத்துக்காக ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் பெயின்டோ தூசோ அடைத்தால் ரெகுலேட்டர் அழுத்தத்தைச் சரியாகப் பிடிக்காது. மொத்தத்தையும் துணிப்பையில் போட்டு படுக்கையறை அலமாரியில் வையுங்கள். சமையலறைச் சாமான்களோடு பரணில் ஏற்றினால் மேலே ஏதாவது ஒரு குக்கர் வந்து உட்காரும்.

சிலிண்டரை எங்கே வைப்பது

நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ எடை. படுக்கப்போட்டு உருட்டாதீர்கள். இருவர் பிடித்துத் தூக்குங்கள், அல்லது சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நகர்த்துங்கள்.

நிழலான பால்கனி, பின்கட்டு, காற்றோட்டமான சர்வீஸ் ஏரியா நல்ல இடங்கள். நிமிர்ந்த நிலையில், சமமான தரையில், மூடியோடு நிற்க வேண்டும். படுக்கவைத்தால் வால்வுக்கு ஆவி வராது, திரவம் வரும். திரவம் கசிந்தால் அது சுமார் 250 மடங்கு ஆவியாக விரியும்.

கூடாத இடங்களைச் சொல்லக் காரணம், பெயின்ட் வேலை நடக்கும் வீடுகளில் இவையே முதலில் கைக்கு வரும் இடங்கள் என்பதுதான்: படிக்கட்டுக்குக் கீழே, குளியலறை, தரைமட்டத்துக்குக் கீழ் உள்ள அறை, மூடிய அலமாரி, இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலை, தரைச் சாக்கடைத் துளைக்குப் பக்கம். பெயின்ட் டப்பாக்களும் தின்னரும் வைத்திருக்கும் அறையும் அப்படித்தான். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மழையில் நனைந்தால் சிலிண்டருக்கு ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி மூடாதீர்கள், கசிந்தால் தெரியாமல் உள்ளேயே தேங்கும்.

ஸ்பேர் சிலிண்டர் இருந்தால் அதுவும் கூடவே வெளியே போக வேண்டும். "அதில்தான் ஒன்றும் மாட்டவில்லையே" என்று மேடைக்கு அடியிலேயே விட்டுவிடுவார்கள். அதே மூடிச் சோதனையை அதற்கும் செய்துவிடுங்கள்.

அடுப்பு

பர்னர் தலைகளைக் கழற்றி செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். எது எந்தப் பக்கம் என்று தாளின் மேல் எழுதுங்கள், மாறிப்போனால் சரியாக அமராது. பட்டனை அழுத்தினால் தானாகப் பற்றும் அடுப்பாக இருந்தால் அடியில் இருக்கும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். அடுப்பை அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுவது நல்லது. மேடையிலேயே போர்வையால் மூடி வைத்தால் உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் தூள் போர்வை வழியாகவும் இறங்கும். கண்ணாடி மேற்பரப்பு உள்ளதைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், தட்டையாக வையுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய மூன்று அமைப்புகள்

மேடையில் பதித்த ஹாப்பில் டியூபோ குழாயோ அடியில் மரை போட்டு இறுக்கியிருக்கும். மரையைக் கழற்றினால் திரும்பப் புது வாஷரோ மரை சீலிங்கோ போட்டுத்தான் மாட்ட வேண்டும், பழையதை அப்படியே இறுக்கினால் கசியும். சுவருக்கு மட்டும் பெயின்ட் என்றால் ஹாப்பை எடுக்கவே வேண்டாம். சிலிண்டர் பக்கம் மட்டும் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை வெளியே எடுத்துவிட்டு, ஹாப்பின் மேலே அட்டையும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டிவிட்டால் போதும்.

சிலிண்டர் வெளியே கூண்டில் இருந்து, செப்புக் குழாய் சுவர் வழியாக வரும் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும். அதை மூடினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கைப்பிடியில் ஏணி இடித்தால், துணி மாட்டி இழுத்தால், கால் சுற்றில் திறந்துகொள்ளும். வெளியே சிலிண்டரிலேயே ரெகுலேட்டரை எடுத்துவிடுங்கள். அடுப்பையும் எடுப்பதென்றால் குழாயின் திறந்த முனையில் பித்தளை அடைப்பான் போடச் சொல்லுங்கள். சுவரில் புதிதாக ஆணியோ டிரில்லோ இறங்கப் போகிறதென்றால், குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்று சுவரிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிட வேண்டும். வாயால் சொன்னது மறுநாள் வேறு ஆள் வேலைக்கு வந்தால் உதவாது.

பைப் கேஸ் வேறு சங்கதி. அது இயற்கை எரிவாயு, காற்றைவிட லேசானது, கூரைப் பக்கம் ஏறும். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ள வால்வும் கேஸ் நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் உள்ள வால்வை மூடலாம், மற்றதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஆள் அனுப்பச் சொல்லுங்கள். மீட்டரின் மேலும் வால்வின் மேலும் பெயின்ட் படாமல் மூடச் சொல்லுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு அந்த அடுப்பில் பக்கத்து வீட்டு சிலிண்டரை மாட்டிச் சமைக்கும் யோசனை வந்தால் அப்போதே விட்டுவிடுங்கள். பைப் கேஸ் அடுப்பின் ஜெட் துளை பெரியது. அதன் வழியே எல்பிஜி வந்தால் தீ மஞ்சளாகப் புகையோடு உயரமாக எழும்பும்.

பெயின்ட் நடக்கும்போது

நீரில் கரையும் எமல்ஷன் அடிக்கும் நாளில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. கதவு, ஜன்னல், கிரில்லுக்கு எனாமல் அடிக்கும் நாள்தான் கவனம். தின்னர், டர்பன்டைன் ஆவியும் கேஸ் மாதிரியே காற்றைவிடக் கனமானது, மேடைக்கு அடியில் தேங்கும், பற்றிக்கொள்ளும். அன்று அந்தப் பக்கம் பீடியோ விளக்கோ வரக் கூடாது. தின்னர் துடைத்த துணிகளை மாலையில் வீட்டுக்கு வெளியே விரித்துப் போடச் சொல்லுங்கள். குவித்துப் போட்டால், எண்ணெய் கலந்த பெயின்ட் துணிகள் தானாகவே சூடேறிப் பற்றுவதுண்டு.

சிலிண்டர் நின்ற இடத்துச் சுவரில் கீழே காற்றுத்துளை இருந்தால் அதைப் பட்டி வைத்து அடைத்துவிடுவார்கள். அழகுக்காகத்தான் செய்வார்கள். கசியும் கேஸ் வெளியேற இருக்கும் ஒரே வழி அது, அடைக்க விடாதீர்கள். மேடைக்கு அடியில் புதிதாக மர அலமாரி போட்டு சிலிண்டரை உள்ளே வைப்பதாக இருந்தால் கதவின் அடிப்பகுதியில் துளைகள் வைக்கச் சொல்லுங்கள். மேடைக் கல்லில் டியூபுக்கான துளையின் விளிம்பையும் மழுங்கத் தேய்க்கச் சொல்லுங்கள். கூரான கல்விளிம்பில் உரசும் டியூப் 5 வருடம் தாங்காது.

திரும்ப மாட்டுவது

எனாமல் வாசம் அடங்கும்வரை பொறுங்கள். பெயின்ட் தொட்டால் காய்ந்திருப்பதும் வாசம் போவதும் ஒன்றல்ல. வாசம் இருக்கும்வரை அறையில் எரியும் ஆவியும் இருக்கிறது, மெர்காப்டன் நாற்றத்தை மூக்கு பிரித்தறியவும் செய்யாது. ஜன்னல், வெண்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் மேல் ஒட்டிய தாள்களை எல்லாம் பிய்த்தாயிற்றா என்று பார்த்த பிறகே சிலிண்டரை உள்ளே கொண்டுவாருங்கள்.

அடுப்பை மேடையில் வைத்து, டியூபை நாசிலில் முறுக்கியபடி வரிப்பள்ளங்கள் எல்லாம் மறையும்வரை தள்ளுங்கள். பாதி ஏறி நிற்கும் டியூப் நன்றாகப் பிடித்தது போலத்தான் இருக்கும், சூட்டில் தளரும்போது கழன்றுகொள்ளும். ஏறவில்லையென்றால் டியூபின் வாயை வெந்நீரில் கொஞ்ச நேரம் நனைத்து, துடைத்துவிட்டுத் தள்ளுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊறிப்போகும். டியூபில் பெயின்ட் சிந்தியிருந்தால் தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, டியூபையே மாற்றிவிடுங்கள்.

வால்வின் வெள்ளை மூடியை எடுத்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசியைச் சுற்றி ஒரு கருப்பு ரப்பர் வாஷர் பள்ளத்தில் ஒரே சீராக அமர்ந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் நுனியால் தொட்டால் வழுவழுப்பாக முழு வட்டமும் தட்டுப்படும். ஓரிடத்தில் மேலே எழும்பியிருந்தால், வெட்டுப்பட்டிருந்தால், அல்லது வாஷரே இல்லையென்றால் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். மூடியைத் திரும்பப் போட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். வீட்டில் நடக்கும் கசிவுகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இந்தச் சின்ன வாஷரின் கோளாறுதான். பழைய ரெகுலேட்டரைக் குறை சொல்லி மாற்றிய பிறகும் கசிவு தொடர்வதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. பள்ளத்தில் பட்டித் தூள் இருந்தால் காய்ந்த துணியின் முனையால் எடுங்கள். ஊசி, குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள்.

ரெகுலேட்டர் ஆஃபில் இருக்கட்டும். கருப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் நேராக வைத்து, லேசாகத் திருகியபடி அழுத்துங்கள். அடியில் போய் அமர்ந்ததும் வளையத்தைக் கீழே விடுங்கள், "டக்" என்று கேட்கும். மேலே இழுத்தால் வரக் கூடாது. வெள்ளை மூடியைக் கயிற்றோடு அப்படியே தொங்கவிடுங்கள்.

கசிவு சோதனை

முகர்ந்து பார்த்துச் சரி என்று சொல்வது இந்த நாட்களில் செல்லாது. சோப்பு நீர்தான் சாட்சி. ஒரு பங்கு பாத்திர சோப்புத் திரவத்துக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். ஏற்கெனவே நுரைத்திருந்தால் எது கசிவுக் குமிழி என்று தெரியாது.

அடுப்புத் திருகுகள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். டியூபில் இப்போது அழுத்தம் ஏறியிருக்கும். ரெகுலேட்டரும் வால்வும் சேரும் விளிம்பு, ரெகுலேட்டரில் டியூப் ஏறும் இடம், டியூப் முழுநீளம், அடுப்பு நாசில், ஒவ்வொரு திருகின் பின்புறம், இந்த வரிசையில் பிரஷால் தடவி, ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது அரை நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு உடனே குமிழிவிடும். ஊசிமுனைக் கசிவு மீன்முட்டை போல ஓரிடத்தில் மெல்லத் திரளும், அவசரப்பட்டால் அது கண்ணுக்குத் தப்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

நாசிலில் குமிழி வந்தால் ரெகுலேட்டரை ஆஃப் செய்து டியூபை இன்னும் உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பப் பாருங்கள். வால்வு விளிம்பில் வந்தால் வாஷர். திருகின் பின்னால் வந்தால் அடுப்பின் உள் வால்வில் கிரீஸ் காய்ந்திருக்கும், அது மெக்கானிக் வேலை. எந்த நேரத்திலாவது கேஸ் நாற்றம் பலமாக வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்கள். ஸ்விட்சைப் போடவும் கூடாது, எரியும் லைட்டை அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு.

முதல் தீ

பர்னர் தலைகளை அவற்றுக்குரிய இடத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவையுங்கள். நீலமாக, சத்தமின்றி, வட்டம் முழுக்க ஒரே உயரத்தில் எரிய வேண்டும். ஆரஞ்சுப் பொறிகள் தெறித்து ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் அது மீதித் தூசு. தொடர்ந்து மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், பர்னருக்குக் கீழே காற்று உறிஞ்சும் துளையில் பட்டித் தூள் அடைத்திருக்கிறது. ரெகுலேட்டரை மூடி, ஆறவிட்டு, காய்ந்த பல்துலக்கும் பிரஷால் அந்தத் துளையையும் பர்னர் தலையின் சின்னத் துளைகளையும் தட்டி எடுங்கள். தீ குட்டையாக, ஒரு பர்னரில் மட்டும் சோம்பி எரிந்தால் ஜெட் அடைப்பு. ஊக்கு விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை ஜெட்டின் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் தீ நிரந்தரமாக மஞ்சளாகிவிடும்.

மறுநாள் காலை, முதல் காபிக்குப் பற்றவைக்கும் முன், சோப்பு நீரை வால்வு விளிம்பிலும் நாசிலிலும் மட்டும் இன்னொரு முறை தடவிப் பாருங்கள். புதிதாக ஏற்றிய டியூப் ஓர் இரவு சூடேறி ஆறிய பிறகு எப்படிப் பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.